வெள்ளி இல்லாத வெள்ளி: நிக்கல் கடைத்தெருவுக்கு வந்த கதை

"கவரிங் போட்டா காது புண்ணாகுது, தங்கம் மட்டும்தான் ஒத்துக்குது" என்று ஒரு பெண் சொன்னால் வீட்டில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள். "மகாராணிக்குத் தங்கம்தான் வேணுமாம்!" என்பார்கள். உடம்புச் சூடு, கெட்ட ரத்தம் என்றும் சிலர் சொல்வார்கள். பெரும்பாலான நேரம் உண்மையான காரணம் நிக்கல் என்ற உலோகம்தான். அது நம் கைக்கு எப்படி வந்தது என்று தெரிந்தால், கடையில் பார்த்து வாங்குவதும் சுலபமாகி விடும்.

செஞ்சி காலத்தில் இல்லாத பெயர்

செஞ்சிக்கு வடக்கே உள்ள சீயமங்கலத்தில் 7-ம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவரைக் கோயில் எடுத்தான். செஞ்சிக் கோட்டையை 1677-ல் சிவாஜி பிடித்தார். அப்போதெல்லாம் நிக்கல் என்று தனியாக ஓர் உலோகம் இருப்பது யாருக்கும் தெரியாது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியைக் கைப்பற்றினார்கள். அடுத்த ஆண்டு, 1751-ல், சுவீடன் நாட்டு ஆக்சல் குரோன்ஸ்டெட் நிக்கலைத் தனியாகக் கண்டறிந்தார்.

பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது. ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு சிவந்த தாதுவைச் செம்பு என்று நம்பி உருக்கினார்கள். செம்பு வரவில்லை. எரிச்சலில் அதற்கு 'குப்பர்நிக்கல்', அதாவது குட்டிச்சாத்தானின் செம்பு என்று பெயர் வைத்தார்கள்!

சீனர்கள் அதற்கு முன்பே நிக்கல் கலந்த வெள்ளை உலோகத்தில் பாத்திரம் செய்து வந்தார்கள். அதைப் பார்த்து 1820-களில் ஜெர்மனியில் செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றையும் கலந்து ஓர் உலோகம் செய்தார்கள். அதுதான் ஜெர்மன் சில்வர். அதில் வெள்ளி துளிகூடக் கிடையாது. நிறம்தான் வெள்ளி.

தொழிலாளியிடமிருந்து வாங்குபவருக்கு

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் நிக்கல் முலாம் பூசும் பட்டறைகள் பெருகின. அங்கு வேலை செய்தவர்களின் கைகளில் அரிப்பும் கொப்புளமும் வந்தன. 'நிக்கல் அரிப்பு' என்றே அதற்குப் பெயர் வந்தது. தோலில் மருந்தை ஒட்டி ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கும் பேட்ச் டெஸ்ட் முறையை 1895-ல் யோசப் யாடாசோன் என்ற மருத்துவர் அறிமுகப்படுத்தினார்.

20-ம் நூற்றாண்டில் நோய் பட்டறையை விட்டு வெளியே வந்தது. காலுறைக் கொக்கி, கடிகாரப் பட்டை, ஜீன்ஸ் பட்டன், மலிவான கம்மல் என்று பொருள் மாறியதே தவிர, உலோகம் மாறவில்லை. நம் நாட்டிலும் 1957-ல் வந்த 25 காசு நாணயங்கள் நிக்கலில் அடிக்கப்பட்டவைதான்.

வியர்வை பட்டால் நிக்கல் சிறிது சிறிதாகக் கரைந்து தோலுக்குள் போகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி அதை எதிரியாகப் பதிவு செய்து கொள்கிறது. அப்படிப் பதிந்து விட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க மாறாது. அரிப்பு உடனே வராமல் ஒன்றிரண்டு நாள் கழித்து வருவதால், கம்மல் மீது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

சட்டம் செய்த வேலை

1990-ல் டென்மார்க் நிக்கலுக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1994-ல் விதி செய்து 2001-ல் முழுமையாக அமலாக்கியது. தோலில் நெடுநேரம் படும் பொருளிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராம் நிக்கல்தான் வெளியேறலாம் என்பது அந்த விதி. டென்மார்க்கில் சட்டத்துக்குப் பிறகு காது குத்திக்கொண்ட சிறுமிகளிடம் இந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது.

நம் ஊரில் 2000-ல் தங்க நகைக்கு ஹால்மார்க் வந்தது, 2021-லிருந்து படிப்படியாகக் கட்டாயமானது. ஆனால் அது தங்கத்தின் தரத்தைத்தான் சொல்லும். கவரிங் வளையலுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாது. ஆகவே வாங்குபவர்தான் பார்க்க வேண்டும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

- காதில், மூக்கில் போடுவதற்கு 916 தங்கம், 925 வெள்ளி, டைட்டானியம் ஆகியவை பொதுவாகப் பாதுகாப்பானவை. வெள்ளைத் தங்கத்தில் நிக்கல் இருக்கலாம். கேட்டு வாங்கவும்.
- கவரிங்கில் மேல்பூச்சுக்கு அடியில் நிக்கல் பூசியிருக்கலாம். பூச்சு தேய்ந்ததும் அரிப்பு ஆரம்பிக்கும்.
- பல பெண்கள் தாலிக்கயிற்றில் ஊக்கு மாட்டி வைப்பார்கள். கழுத்து அரித்தால் முதலில் ஊக்கைக் கழற்றிப் பார்க்கவும். பல ஊக்குகள் நிக்கல் முலாம் பூசியவை.
- ஜீன்ஸ் பட்டன், பெல்ட் பக்கிள், கடிகாரத்தின் அடிப்பகுதி, கண்ணாடி ஃபிரேம் ஆகியவற்றையும் கவனிக்கவும்.
- எவர்சில்வரின் ஒரு முக்கிய வகையில் நிக்கல் 8 சதவீதத்துக்கு மேல் உண்டு. ஆனாலும் இறுகிப் பிடித்திருப்பதால் பெரும்பாலோருக்குத் தொந்தரவு இல்லை. ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள் புதுப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வெகுநேரம் கொதிக்க விடாமல் இருப்பது நல்லது.
- காந்தம் ஒட்டுகிறதா என்ற சோதனையை நகைக்கு நம்ப வேண்டாம். நிக்கலிலும் காந்தம் ஒட்டும். டைமெத்தில்கிளையாக்சிம் என்ற மருந்தைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தால், நிக்கல் கசியும் இடத்தில் பஞ்சு இளஞ்சிவப்பாக மாறும்.

சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்து கொள்ளலாம். தங்கம் வாங்க எல்லோராலும் முடியாது. அரித்தாலும் சகித்துக்கொண்டு கவரிங் போடுபவர்கள்தான் அதிகம். அவர்களைக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டு, எந்தப் பொருள் பட்ட இடத்தில் அரிக்கிறது என்று கேட்டாலே பாதி நோய் பிடிபட்டு விடும்.