கான்பான்

ஜப்பானிய மொழியில் 'கான்' என்றால் பார்ப்பது, 'பான்' என்றால் பலகை. கடை வாசலில் மாட்டும் பெயர்ப்பலகைக்கு வழங்கிய சொல் இது. டொயோட்டாவின் தயிச்சி ஓனோ 1953-இல் இதைத் தொழிற்கூடத்துக்குள் கொண்டுவந்தார். உதிரிப்பாகப் பெட்டியோடு ஓர் அட்டை இருக்கும். பாகத்தை எடுத்ததும் அட்டை முந்தைய பிரிவுக்குப் போகும்; அது வந்தால்தான் அடுத்ததைச் செய்வார்கள். அமெரிக்காவில் ஜோசப் ஆர்லிக்கி 1964-இல் வகுத்த எம்.ஆர்.பி. (பொருள் தேவைத் திட்டமிடல்) இதற்கு நேர்மாறு: தேவையை முன்கூட்டிக் கணித்து, எந்தப் பொருள் எவ்வளவு, எப்போது வேண்டும் என்று கணினி பட்டியலிடும்.

ராமநாதபுரம் மாவட்டம் ஆர்.எஸ்.மங்கலம் வட்டாரத்து முண்டு மிளகாய்க்கு இவ்விரண்டில் எது பொருந்தும்? 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த மிளகாய், ஐப்பசி மழையை நம்பி வளர்ந்து, மாசி தொடங்கிச் சில மாதங்கள்தான் களத்துக்கு வரும். மசாலா ஆலைக்கோ ஆண்டு முழுதும் வற்றல் வேண்டும். ஆகவே கொள்முதலுக்குக் கணிப்பும் கையிருப்பும்தான் வழி. குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும் பதத்தில் காயவைத்து மூட்டை கட்டினால் வற்றல் தாங்கும். அரைத்த தூள் நாள்பட்டால் மணம் போய்விடும். அரைப்பதற்குக் கான்பான்தான் சரி: வற்றலாக வைத்திருங்கள், கேட்ட அளவுக்கு அரையுங்கள்.