ஏரிக்கு முன்னால் இருந்தவர்கள்

தமிழில் கேரவன் என்றால் ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் வண்டி. ஆஸ்திரேலியாவில் அது காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற ஒரு சின்ன வீடு. அடுப்பு, சிங்க், நாலு பேர் படுக்க இடம். போன ஜூலை ஸ்கூல் லீவில் அப்படி ஒன்றை வாடகைக்கு எடுத்து, பிரிஸ்பேனிலிருந்து வடக்கே சுமார் 1,700 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போனோம். நான், மனைவி, எட்டு வயது மகள், பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த அப்பா. போன இடம் ஆதர்ட்டன் மேட்டுநிலம். குயின்ஸ்லாந்தின் வடகோடியில், கெய்ர்ன்ஸ் நகரத்துக்குப் பின்னால் செங்குத்தாக எழும் மலைக்கு மேலே இருக்கும் பீடபூமி. கடற்கரையில் கரும்பு, மேலே ஏறினால் மழைக்காடு, காடு முடிகிற இடத்தில் மாடுகள் மேயும் புல்வெளி. வால்பாறையில் தேயிலையை எடுத்துவிட்டுப் பசுவை வைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

அங்கே எந்தக் கடையில் நோட்டீஸை எடுத்தாலும் ஒரே வரிதான்: உலகின் மிகப் பழமையான மழைக்காடு. ஈச்சம் ஏரிக்கரையில் என் மகள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டாள். "அப்போ இந்த மரமெல்லாம் வந்தப்புறம்தான் மனுஷங்க வந்தாங்களாப்பா?"

ஆமாம் என்றுதான் சொன்னேன். தப்பான பதில். அது தப்பு என்று தெரிந்துகொள்ள இரண்டு மூன்று ராத்திரி கேரவனில் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது.

ஈச்சம் ஒரு எரிமலை வாய். குழம்பு ஆறாக ஓடிய எரிமலை இல்லை. கீழிருந்து ஏறிய சூடான பாறைக்குழம்பு நிலத்தடி நீரைத் தொட, நீர் நொடியில் ஆவியாகி, தரை வெடித்து உண்டான பள்ளம். பின்னால் அதில் மழைநீர் நிரம்பியது. சுமார் 65 மீட்டர் ஆழம், நீலம் கலந்த பச்சை, சுற்றி ஒரு இடைவெளி இல்லாமல் காடு. பக்கத்தில் பாரீன், கொஞ்சம் தள்ளி யுராமூ என்று இதே மாதிரி இன்னும் இரண்டு ஏரிகள் உண்டு. மூன்றும் வெடித்தது ஒரே நாளில் அல்ல. ஆனால் இருப்பதில் இளையதுக்கே 9,000 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இந்தப் பகுதியின் மக்களில் ஒரு பிரிவினர் ஙாஜன்-ஜீ. நம் அரிச்சுவடியில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் 'ங' இங்கே ஒரு மக்களின் பெயருக்கு முதலெழுத்தாக வருகிறது. தமிழ் எழுத்து கற்றுக்கொண்டிருக்கும் என் மகளுக்கு அதில் ஏக சந்தோஷம். இந்த வட்டாரத்து மொழிகளைப் பதிவு செய்தவர் ஆர். எம். டபிள்யூ. டிக்ஸன் என்ற மொழியியலாளர். 1964இல் அவருக்கு ஒரு கதை சொல்லப்பட்டது. புதிதாகச் சடங்கு முடிந்த இரண்டு இளைஞர்கள் ஒரு விலக்கை மீறிவிடுகிறார்கள். வானவில் பாம்புக்குக் கோபம் வருகிறது. முகாமிட்டிருந்த தரை இடி மாதிரி உறுமுகிறது, புயல்போல் காற்று வீசுகிறது, அதுவரை யாரும் பார்க்காத நிறத்தில் ஒரு சிவப்பு மேகம் எழுகிறது. ஜனங்கள் அங்குமிங்கும் ஓடுகிறார்கள். நிலம் பிளந்து அவர்களை விழுங்குகிறது. அப்படி உண்டானவைதான் இந்த மூன்று ஏரிகள்.

உலகத்தில் எல்லா ஏரிக்கும் ஏதாவது ஒரு சாபக்கதை இருக்கும். நானும் அப்படி நினைத்துத் தாண்டிப் போயிருப்பேன். ஆனால் கதை சொன்னவர் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறார்: அது நடந்த காலத்தில் இங்கே இப்போது இருப்பது மாதிரி அடர்காடு கிடையாது, வெறும் திறந்த புதர்க்காடுதான்.

சில வருஷங்கள் கழித்து பீட்டர் கெர்ஷா என்ற ஆய்வாளர் யுராமூ ஏரியின் அடிச்சேற்றைக் குழாயிட்டு எடுத்து, அதில் அடுக்கடுக்காகப் படிந்திருந்த மகரந்தத் துகள்களை எண்ணினார். எங்கள் தொழிலில் லாக் ஃபைல் என்போம். சர்வரில் என்ன நடந்தாலும் கடைசி வரியில் சேர்ந்துகொண்டே போகும், பழைய வரியை யாரும் திருத்த முடியாது. ஏரிச்சேறும் அதே மாதிரிதான். மேலே மழைக்காட்டு மரங்களின் மகரந்தம், கீழே போகப்போக யூக்கலிப்டஸ், புல். கடைசிப் பனியுகத்தில் இந்தப் பகுதி குளிர்ந்து வறண்டு கிடந்திருக்கிறது. மழைக்காடு ஈரமான சில மடிப்புகளில் மட்டும் ஒதுங்கித் தப்பித்திருக்கிறது. மழை திரும்பிய பிறகுதான் அது மறுபடி பரவியது. யுராமூவைச் சுற்றி அது வந்து சேர்ந்ததுக்கு கெர்ஷா கணக்கிட்ட வயது சுமார் 7,600 ஆண்டுகள்.

அதாவது ஏரிகள் முதலில், காடு பிறகு. கதையில் இருக்கிற அதே வரிசை. இந்த மரங்களின் வம்சம் கோண்ட்வானாக் கண்டத்துக் காலத்தது என்பது உண்மை. நோட்டீஸ் அந்த வகையில் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த ஏரிக்கரையில் நிற்கும் காடு, இங்கே இருந்த மனிதர்களைவிட இளையது. அது வருவதைப் பார்த்தவர்கள் இருந்திருக்கிறார்கள். பார்த்ததைப் பிள்ளைகளிடம் சொல்லியும் இருக்கிறார்கள். முன்னூறு தலைமுறை என்று வையுங்கள். என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் எனக்குத் தெரியாது.

இதைப் படித்து முடித்தபோது எனக்கே என் மேல் ஒரு எரிச்சல் வந்தது. மகரந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகுதானே அந்தக் கதையை நம்பினேன்? அதுவரை அது எனக்குப் பாட்டி கதை. இந்தப் பீடபூமியின் கடந்த நூற்றைம்பது வருஷ வரலாறே பெரும்பாலும் இந்தக் கேள்விதான் என்று இப்போது தோன்றுகிறது. யாருடைய சொல் சாட்சி, யாருடைய சொல் கதை?

நாங்கள் மேலே ஏறிய சாலையிலிருந்தே ஆரம்பிக்கலாம். கெய்ர்ன்ஸுக்குத் தெற்கிலிருந்து கில்லீஸ் சாலை ஏறுகிறது. 1926இல் திறந்தபோது ஒரு வண்டி மட்டும் போகும் அகலம். மேலேயும் கீழேயும் கேட் போட்டு, ஏறுகிறவர்களுக்கு ஒரு நேரம், இறங்குகிறவர்களுக்கு ஒரு நேரம் என்று விட்டார்கள். இப்போது இருவழி என்றாலும் வளைவுகளுக்குக் கணக்கே இல்லை. கேரவன் இழுத்துக்கொண்டு அதில் ஏற வேண்டாம் என்று எல்லாரும் சொன்னதால், இன்னும் தெற்கே போய் இன்னிஸ்ஃபெயிலிலிருந்து பாமர்ஸ்டன் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். நல்ல ரோடு. கிறிஸ்டி பாமர்ஸ்டன் என்ற வழிதேடியின் பெயர் வைத்தது.

1880இல் ஹெர்பர்ட்டனில் வெள்ளீயம் கிடைத்து, மலைமேல் சுரங்கக்காரர்கள் குவிந்தார்கள். 1882 மழைக்காலத்தில் கீழிருந்து மாவுகூட ஏற்ற முடியாமல் ஊர் பட்டினிக்குப் பக்கத்தில் போனது. கடற்கரைக்கு வழி வேண்டும் என்று கூச்சல் எழுந்தது. அந்த வழிகளைத் தேடிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பாமர்ஸ்டன். 'கண்டுபிடித்தார்' என்று எழுதுவது வழக்கம். அவர் நடந்ததில் பெரும்பகுதி பாமா மக்களின் ஒற்றையடிப் பாதைகள். பாமா என்றால் இந்த மழைக்காட்டு மொழிகள் பலவற்றில் 'மனிதர்' என்று பொருள். கொட்டைகளை ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து விஷம் எடுத்துத் தின்னத் தெரிந்தவர்கள், காட்டுக்கு நடுவே தீ வைத்துப் புல்திட்டுகளைப் பராமரித்தவர்கள். வெள்ளையர்கள் முதலில் கூடாரம் அடித்ததும் அந்தத் திட்டுகளில்தான். இன்றைய யுங்கபரா ஊருக்குப் பழைய பெயர் அலம்பா பாக்கெட். பாமர்ஸ்டனோ தான் பழங்குடிகளைச் சுட்டதைத் தன் நாட்குறிப்புகளிலேயே எழுதிவைத்த ஆள். அவை பத்திரிகையிலும் வந்தன. அது யாருக்கும் கதையாகத் தெரியவில்லை. நெடுஞ்சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது.

கெய்ர்ன்ஸிலிருந்து ரயில்பாதை 1886இல் தொடங்கியது. 15 சுரங்கங்கள் குடைந்து 1891இல் குராண்டாவை எட்டியது. இன்றைக்கு அது டூரிஸ்ட் ரயில். ஜன்னலில் பாரன் அருவி தெரியும். ரயிலுக்கு முன்னால் அந்த அருவிக்கு வேறு வேலை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பீடபூமியில் வெட்டிய செம்மரங்களை பாரன் ஆற்றில் மிதக்கவிட்டு, அருவி வழியாகக் கீழே இறக்கப் பார்த்தார்கள். பாறையில் மோதிப் பெரும்பாலானவை சிதறிப் போயின.

இதை நான் சொன்னபோது, பொள்ளாச்சியில் முப்பது வருஷம் மரக்கடை வைத்திருந்த அப்பாவால் தாங்க முடியவில்லை. "எவ்வளவு பெரிய மரம்டா, கூறு கெட்டவனுக!" அவருக்கு அந்த மரத்தோடு தனி உறவு. மேலே வந்த முதல் நாளே நடைபாதையில் ஒரு மரத்தைத் தடவி, கீழே கிடந்த இலையைக் கசக்கி முகர்ந்து, "இது நம்மூரு சந்தன வேம்புடா" என்றார். நான் சிரித்தேன். போர்டில் 'ரெட் சீடர்' என்று போட்டிருந்தது. பெயருக்குக் கீழே இருந்த லத்தீனைத் தேடினால் டூனா சிலியாட்டா. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் அதே இனம்தான், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை வரை பரவியிருக்கிறது. அப்பா மூக்கால் சொன்னதையும் நான் லத்தீன் வந்த பிறகுதான் நம்பினேன்.

மரவெட்டிகளுக்குப் பின்னால் விவசாயிகள். நிலம் ஒதுக்கீடு வாங்கினால் அதைத் 'திருத்த' வேண்டும். அப்படியென்றால் காட்டை வெட்ட வேண்டும். விற்கிற மரத்தை எடுத்துவிட்டு மீதியைப் போட்டுக் கொளுத்தினார்கள். அந்த வெட்டு வேலையில் கணிசமான பங்கு சீனர்களுடையது. சட்டப்படி அவர்களால் நிலம் சொந்தமாக வாங்க முடியாததால், வெள்ளையர்களிடம் குத்தகைக்கு எடுத்து, காடு திருத்தி மக்காச்சோளம் போட்டார்கள். ஆதர்ட்டன் ஊருக்கு வெளியே அவர்கள் 1903இல் கட்டிய ஹோ வாங் கோயில் இன்றும் நிற்கிறது. தகரச் சுவர், உள்ளே உள்ளூர்ச் செம்மரம், சீனாவிலிருந்து கொண்டுவந்த சிற்ப வேலைப்பாடு. முதல் உலகப்போர் முடிந்ததும் திரும்பி வந்த சிப்பாய்களுக்கு நிலம் வேண்டியிருந்தது. சீனர்களின் குத்தகைகள் போயின. கோயிலைச் சுற்றி ஆயிரம் பேருக்கும் மேல் வாழ்ந்த தெரு இருந்திருக்கிறது. இப்போது புல்.

பாமாக்களுக்கு வந்தது 1897ஆம் வருஷச் சட்டம். பெயரில் 'பாதுகாப்பு' என்ற சொல் உண்டு. பழங்குடி ஒருவரை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம், எங்கேயும் அடைத்து வைக்கலாம் என்ற அதிகாரத்தை அது அரசுக்குக் கொடுத்தது. குராண்டா பக்கம் மோனா மோனா என்று 1913இல் ஒரு மிஷன் அமைத்து ஜாபுகாய் மக்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதியில் போட்டார்கள். 1962இல் அங்கே ஒரு அணை வரப்போகிறது என்று மிஷனை மூடி, இருந்தவர்களைக் காலிசெய்ய வைத்தார்கள். அந்த அணை கடைசிவரை கட்டப்படவில்லை.

1980களில் காற்று திசை மாறியது. மிச்சமிருக்கும் காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று போராட்டம். கூட்டாட்சி அரசு யுனெஸ்கோ பட்டியலுக்கு மனு தயாரிக்க, குயின்ஸ்லாந்து மாநில அரசு எதிர்த்தது. ரேவன்ஸ்ஹோ மரம் அறுக்கும் ஊர், காட்டை மூடினால் மில்லும் மூடும். 1987இல் சுற்றுச்சூழல் அமைச்சர் கிரஹாம் ரிச்சர்ட்சன் அங்கே போனபோது கூட்டம் அவரைச் சூழ்ந்து தள்ளுமுள்ளு ஆனது. அந்தக் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை, மரக்கடைக் காசில் படித்தவன் நான். 1988 டிசம்பரில் சுமார் 9,000 சதுர கிலோமீட்டர் காடு உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. வெட்டு நின்றது. அதில் சந்தேகமே இல்லாமல் எனக்கு சந்தோஷம்.

ஆனால் பட்டியலில் அது ஏறியது முழுக்க இயற்கைச் சிறப்புக்காக மட்டும். பண்பாட்டுச் சிறப்பு என்ற கட்டம் காலி. கோடரி வைத்திருந்தவர்கள் 'யாருமில்லாத காடு' என்றார்கள், காப்பாற்ற வந்தவர்கள் 'கைபடாத காடு' என்றார்கள். இரண்டு தரப்புக்கும் இடையில் அவ்வளவு சண்டை, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. தேசியப் பாரம்பரியப் பட்டியலில் பழங்குடிப் பண்பாட்டு மதிப்பைச் சேர்க்கவே 2012 ஆகிவிட்டது.

ஙாஜன்-ஜீ மக்களின் பூர்வ உரிமையை நீதிமன்றம் 2007இல் ஏற்றது. 1992 மாபோ தீர்ப்பு திறந்துவிட்ட கதவு அது. ஆனால் தனியார் பட்டா விழுந்த இடத்தில் பூர்வ உரிமை செல்லாது. அதனால் பால்பண்ணை ஆன செம்மண்ணில் அவர்கள் எதுவும் கேட்க முடியாது. கிடைத்தது பெரும்பாலும் தேசியப் பூங்காக்களில், யாரும் வெட்டாமல் விட்ட சரிவுகளில்.

நான் இதையெல்லாம் சொல்லச் சொல்ல, அப்பா கேரவன் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஆனைமலைல டிப்போக்கு மரம் எடுக்கப் போவோம்ல, காடருங்க ரெண்டு பேரு கூட வருவாங்க. இந்தப் பள்ளம் முன்னாடி இப்படி இல்ல, அந்த மரம் அப்பறம் வந்ததுன்னு ஏதாச்சும் சொல்லிட்டே வருவாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணையும் நான் காதுல வாங்கல" என்றார்.

கடைசி ராத்திரி யுங்கபரா பக்கத்தில் திரைச்சீலை அத்திமரம் பார்க்கப் போனோம். ஒரு மரத்தைச் சுற்றி நெரித்த அத்தி, அந்த மரம் பக்கத்து மரத்தில் சாய்ந்தபோது, சாய்ந்த உடல் முழுக்க விழுதிறக்கி, பதினைந்து மீட்டர் உயரத்துக்குத் திரை மாதிரி தொங்குகிறது. அதைச் சுற்றியிருப்பது செம்மண்ணில் மட்டும் வளரும் ஒரு காட்டு வகை. நல்ல மண் என்பதாலேயே முதலில் வெட்டப்பட்டது. இன்றைக்குத் துண்டு துண்டாக மட்டும் மிச்சம். அந்தத் துண்டுகளில் மரக் கங்காரு வாழ்கிறது. அறிவியல் அதற்கு 1880களில் இங்கே வந்த நார்வேக்காரர் கார்ல் லும்ஹோல்ட்ஸின் பெயரை வைத்தது. காட்டு வகைக்கோ இப்போது அரசு ஆவணத்திலேயே 'மாபி காடு' என்றுதான் பெயர். மாபி என்றால் இங்கத்து மொழியில் மரக் கங்காரு.

மகள் டார்ச்சை மேலே அடித்து அடித்துத் தேடினாள். ஒன்றும் தெரியவில்லை. தாத்தாதான் முதலில் பார்த்தார். கிளை பிரியும் இடத்தில் ஒரு கருப்பு மூட்டை, கீழே தொங்கும் நீளமான வால்.

"வெளிச்சத்தக் கீழ எறக்கு சாமி" என்றார். "அதுக்குக் கண்ணு கூசும்."