சங்கம் நிலைக்கும் வழி

சங்கம் ஒன்றைத் தொடங்குவது எளிது. அதனை இருபத்தைந்து ஆண்டுகள் நடத்துவது அரிது. வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் முன்னோர் பொதுப்பணியை எவ்வாறு ஆற்றினர் என்று உறுப்பினர்களும் இளைஞர்களும் எண்ணிப் பார்த்தல் நலம்.

இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்ற கோரிக்கை அப்போது வலுத்திருந்தது. அவ்வாறு நடந்தால் உயர்சாதியினரே அதிகாரிகளாகி, ஒடுக்கப்பட்டோர் துயர் பெருகும் என அவர் அஞ்சினார். கூட்டத்தில் முழங்கியதோடு அவர் அமையவில்லை. 3,412 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினார். நம் மக்களில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலராயிருந்த காலம் அது. பின்னர் 1924-இல், பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றில் நமக்குள்ள உரிமையை வலியுறுத்தும் தீர்மானத்தைச் சென்னைச் சட்டசபையில் நிறைவேற்றுவித்தார். குறையை எழுத்தில் வடித்தல், உரிய இடத்தில் சேர்த்தல், பயன் கிட்டும்வரை தொடர்தல்: இவை அவர் வாழ்வு கற்பிக்கும் பாடம்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய இதழின் பெயரே ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையைப் பெயரிலேயே பொறித்தார். ஏழையின் கைக்கு எட்டாத தொண்டு தொண்டாகாது என்பதை இதனின்றும் உணரலாம்.

நம் மாவட்டத்து ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் பிறந்தவர் சுவாமி சகஜானந்தர். அவர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவினார். சுவாமிகள் 1959-இல் மறைந்தார், பள்ளி மறையவில்லை. ஒருவரால் தோன்றிய பணி, அவரோடு முடியாதவாறு அமைதல் வேண்டும்.

இனி, நம்மை நாமே நோக்குவோம். யான் மாணவனாயிருந்தபோது, உதவித்தொகைப் படிவம் பெற என் தந்தையார் ஓர் அலுவலகத்திற்கு நான்கு நாள் நடந்தார். நாள்தோறும் கிடைத்த விடை, ‘நாளை வா’ என்பதே. ஐந்தாம் நாள், காலம் கடந்துவிட்டது என்றனர். கூலியிழந்த அந்நான்கு நாள்களையும் அவர் இறுதிவரை மறந்தாரில்லை. அச்சொல் நமது சங்க அலுவலகத்தில் ஒருபோதும் ஒலித்ததில்லை என்று கூற என் மனச்சான்று இடந்தரவில்லை. பிறர் செய்யின் கொடுமை, நாம் செய்யின் வேலைப்பளுவா?

ஆதலின் சில நெறிகளை முன்வைக்கின்றேன். நாடி வருவோர் யாவராயினும் இருக்கையில் அமர்த்திக் கேட்க வேண்டும். ஒவ்வொரு கோரிக்கையையும் நாளிட்டுப் பதிவேட்டில் எழுதி, ஏழு நாளில் விடையளிக்க வேண்டும். இயலாததை அன்றே இயலாதெனக் கூறிவிட வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, கணக்கைப் பதிவாளரிடம் அளிக்குமாறு 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் பணிக்கிறது. அதனைக் கடமைக்குச் செய்யாது, கணக்கை எளிய தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். மூத்தோர் அறிந்த வேலைகளை இளைஞர்க்கு இன்றே பழக்க வேண்டும்.

கார்த்திகைத் தீபம் மலையுச்சியில் எரிவதை ஊரெல்லாம் காணும். கொப்பரையும் நெய்யும் சுமந்து ஏறியவரைக் காண்போர் சிலரே. சங்கப்பணியும் அத்தகையதே. இளைஞர்களே! விழா மேடையை எங்களுக்கு விடுங்கள். பதிவேட்டை உங்கள் கையில் எடுங்கள். நம் வாயிலுக்கு வரும் எந்தத் தந்தையும் வெறுங்கையோடு ஐந்தாம் நாள் திரும்பாதிருப்பாராக.