மகாவலியில் இரண்டு கைத் தூண்டில்



ஸ்கொட்லாந்தில் வேலை செய்யும் நம்மூர்த் தம்பி ஒருவர் விடுமுறைக்கு வரும்போது 13 அடித் தூண்டில் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு கையாலும் பிடித்து வீசுவது. நுனியில் புழு கிடையாது, இறகு கட்டிச் செய்த பொய் ஈ. "சேர், இத வீச நம்ம பக்கத்துல எங்க தண்ணி இருக்கு?" என்று கேட்டார். வரலாறு படிப்பிக்கிற நாம் பதில் தேடப்போய், ஆற்றின் கதைக்குள் இறங்கிவிட்டோம்.

இந்த வீச்சு 19ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில் வளர்ந்தது. முதுகுக்குப் பின்னால் மேடும் மரமுமாக இருந்ததால் கயிற்றைப் பின்னுக்கு வீச இடமில்லை. எனவே கயிற்றை நீர்மேல் இழுத்து, பக்கத்தில் ஒரு வளையம் போட்டு, அப்படியே முன்னுக்கு எறிந்தார்கள். பிறகு நீரோட்டம் கயிற்றை இறுக்கி, ஈயைக் குறுக்கே கொண்டுபோகும். ஆகவே அகலமான, ஓடுகின்ற ஆறு வேண்டும். கரையில் மரம் இருந்தால் பாதகமில்லை. அது நம்மிடம் தாராளம்!

கண்டி மலைகளுக்குக் கோப்பியும் தேயிலையும் பயிரிட வந்தவர்களில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர்களே. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை வைத்த ஜேம்ஸ் டெய்லரும் அப்படித்தான். ஆனால் துரைமார் மீன்பிடிக்க நுவரெலியாவுக்கு ஏறினார்கள். 1882இல் ட்ரவுட் மீன் முட்டைகளைக் கப்பலில் வருவித்து அங்குள்ள குளிர்ந்த ஓடைகளில் வளர்த்தார்கள். ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளுக்கு ஒற்றைக் கைத் தூண்டிலே போதும். தம்பியுடைய 13 அடி, அக்கரைப் புல்லில்தான் முட்டும். அதேநேரம், ஓட்டத்தை விரும்பும் பெரிய மீனான மஹசீர் (சிங்களத்தில் லெஹெல்லா) யாரும் கொண்டுவராமலே மகாவலியில் இருந்தது.

1976இல் பொல்கொல்லை அணைக்கட்டு வந்தது. ஆற்றுநீரில் ஒரு பங்கு சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியாக உக்குவெலைக்குத் திரும்பியது. யானை குளித்த கட்டுகஸ்தோட்டையில் இன்று ஆறு தேங்கி நிற்கிறது. அக்குறணையை அடிக்கடி மூழ்கடிக்கும் நம் பிங்கா ஓயாவும், நாம் போடும் குப்பையோடு, அங்குதான் சேர்கிறது. 1985இல் விக்டோரியா நீர்த்தேக்கம் பழைய தெல்தெனிய நகரை விழுங்கியது. மின்சாரமும் வயலுக்கு நீரும் கிடைத்தன, மறுக்கவில்லை. ஆனால் தேங்கிய நீரில் திலாப்பியா பிடிக்க இந்த வீச்சு எதற்கு?

மீதியிருப்பது கம்பளைக்கும் பேராதனைக்கும் இடைப்பட்ட பகுதி. ஒருநாள் சுபஹுக்குப் பிறகு தம்பியோடு பேராதனைப் பக்கம் போனோம். மூன்று பக்கமும் பூங்காவைச் சுற்றி ஆறு வளைகிறது. மீன் படவில்லை. ஆனால் கயிறு நீரில் நேராகி மெல்லக் குறுக்கே போனதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

வாலிபர்களுக்கு ஒன்று: கரையிலேயே நில்லுங்கள், ஆற்றில் இறங்காதீர்கள். மணல் அள்ளிய குழிகள் மேலிருந்து தெரியாது. கொத்மலையில் நீர் திறந்தால் மட்டம் சட்டென ஏறும். மஹசீர் பட்டால் உயிரோடு விட்டுவிடுங்கள்.

1976க்கு முன் கட்டுகஸ்தோட்டையில் லெஹெல்லா பிடித்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், எந்த வளைவில், எந்த மாதத்தில் என்று கேட்டு எங்களுக்குச் சொல்லுங்கள். எழுதி வைக்கிறோம்.