தொண்டமானின் நடுவழி

கொழும்பிலிருந்து கித்துள்கலை வழியாக ஏறிவரும் பாதை கினிகத்தேனையைக் கடந்து வட்டவளையை நோக்கித் திரும்புகையில் இருமருங்கும் விரியும் தேயிலை மலைகளில், தலைமுறை தலைமுறையாக உழைத்துவந்த இந்திய வம்சாவளித் தமிழ் மக்களை, சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. அந்த அநீதியைத் துடைப்பதையே ஆயுட்கால விரதமாகக் கொண்டவர் சௌமியமூர்த்தி தொண்டமான்.

1913இல் தமிழகத்து முனப்புதூரில் பிறந்து, றம்பொடையில் வேவண்டன் தோட்டத்துக்கு உரிமையாளரான தந்தையிடம் வந்து வளர்ந்த அவர், 1939இல் நேருவின் விஜயத்தையொட்டி உதயமான இலங்கை இந்திய காங்கிரஸில் சேர்ந்து, தாமே ஒரு தோட்டத்துரையாக வாழ வசதியிருந்தும் லயத்து ஜனங்களின் பக்கமே நின்றார். 1947இல் அக்காங்கிரஸின் சார்பில் பாராளுமன்றம் புகுந்த எழுவருள், நுவரெலியாவின் பிரதிநிதியாக அவரும் ஒருவர். மக்களின் வாக்குரிமை பறிபோனமையால், 1952இல் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றேனும் மிஞ்சவில்லை.

அக்காலத்தில் ஐரோப்பாவிலோ, பிறப்பால் ஜெர்மன் பிரஜையாயிருந்து பின்னர் பிரெஞ்சு மந்திரியான ரொபேர் ஷூமான் என்ற நடுநிலைவாதி, 1950இல், பகைத்த அவ்விரு தேசங்களின் நிலக்கரியையும் உருக்கையும் ஒரே நிர்வாகத்தில் இணைக்க முன்வந்து ஐரோப்பிய ஐக்கியத்துக்கு அடிகோலினார். இங்கோ இரு தேசங்கள் கூடியது மனிதரைப் பங்கிடுவதற்காக: 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், தோட்ட மக்களின் சம்மதத்தைக் கேளாமலே, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கி, எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது.

1972இல் வடக்கின் தமிழ்த் தலைவர்களான செல்வநாயகத்தோடும் பொன்னம்பலத்தோடும் ஒரே கூட்டணியில் அமர்ந்த தொண்டமான், 1976இல் தனிநாட்டுக் கோரிக்கை எழுந்தபோது, சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த மலையகத்துக்கு அது பொருந்தாதெனக் கண்டு விலகிநின்றார். 1978இல் ஜனாதிபதி ஜயவர்த்தனாவின் மந்திரிசபையிலும் சேர்ந்தார். அதனால் வந்த பழிச்சொல் கொஞ்சமன்று. எனினும், பதவியேற்றும் போராட்டத்தை அவர் கைவிடவில்லை என்பதற்கு 1986ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று தொடங்கிய பிரார்த்தனை இயக்கமே சாட்சி: பெரட்டு எனும் காலை ஆட்கணக்கெடுப்புக்குப் போய்க் கொழுந்தெடுக்க மலையேற வேண்டிய காலைவேளையில், தொழிலாளர் கூடைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வழிபாட்டில் அமர்ந்தனர். சில தினங்களிலேயே அரசாங்கம் இணங்கியது. அவ்வாண்டே நாடற்றவர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டமும் பிறந்தது.

1999இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான அதே அக்டோபர் 30ஆம் திகதியில், அவர் காலமானார். மிச்சமிருந்தோரின் உரிமையை 2003ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. தொழிற்சங்கமாக ஒன்றுபட்டு வேலையை நிறுத்தவல்ல லட்சக்கணக்கான கரங்கள் பின்னால் இருந்தமையாலேயே மந்திரிசபையில் அவருடைய சமாதானப் பேச்சுக்கு மதிப்பிருந்தது. சம்பளத்துக்காகவும் காணிக்காகவும் இன்று பேசப்புகும் தலைவர்கள், அந்தத் தொழிற்சங்க ஒற்றுமையைச் சிதறவிட்டு நடுநிலையை மட்டும் சுவீகரிப்பார்களாயின், அவர்கள் கைக்கு எட்டுவது வெறும் பதவியாகவே இருக்கும்.