வழி சொல்லும் கதை

மோதல் இல்லாமல் கதை நகராது என்பார்கள். சங்கத் தமிழின் ஆற்றுப்படை என்ற பாட்டு வகை அதை மறுக்கிறது. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையில் வாடும் இன்னொரு கலைஞனை வழியில் கண்டு, வள்ளலிடம் போகும் வழியைச் சொல்கிறான். முடிவு தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. கேட்பவரை இழுத்துச் செல்வது வழிதான். நல்லியக்கோடன் என்ற வள்ளலிடம் ஆற்றுப்படுத்தும் சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளிச்சோறு, ஆமூரில் வெண்சோற்றோடு நண்டு என்று நிலம் மாற மாற விருந்தும் மாறுகிறது. எதிரியை வெல்வதற்குப் பதிலாக, ஊர் ஊராக அந்நியரின் கை உணவு நீட்டுகிறது.

பசியே பகைதானே என்று கேட்கலாம். உப்பில்லாமல் வெந்த வேளைக்கீரையை, பிறர் பார்த்துவிடுவார்களோ என்று கதவடைத்து உண்ணும் குடும்பத்தை இந்தப் பாட்டு காட்டுகிறது. தமிழில் வறுமையை இவ்வளவு நெருக்கமாகக் கண்ட இடங்கள் குறைவு. ஆனால் அந்தப் பசி போரால் தீரவில்லை, ஒருவன் அறிந்ததை மற்றவனுக்குச் சொன்னதால் தீர்கிறது. இது வெறும் வருணனை, கதையல்ல என்பதும் பொருந்தாது: இல்லாமையில் தொடங்கி, நிலங்களைக் கடந்து, நிறைவில் முடியும் மாற்றம் இதில் இருக்கிறது. 583 அடி கொண்ட மலைபடுகடாம் என்ற இன்னொரு ஆற்றுப்படை பாம்பையும் பன்றிப்பொறியையும் சொல்வதுகூட, பின்னால் வருபவன் அவற்றிலிருந்து விலகிச் செல்லத்தான். இதை ஓரத்து வகை என்று ஒதுக்கவும் முடியாது. பத்துப்பாட்டு என்ற சங்கத் தொகுப்பில் சரிபாதி, 5 நூல்கள், ஆற்றுப்படைகளே.