பெர்மா எண்ணும் ஆய்லரின் விடையும்

இன்று ஓர் எண்ணின் வரலாற்றைக் காண்போம். பிள்ளைகள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம்.

2ஐ அதே எண்ணால் பெருக்கினால் 4. 4ஐ நான்கால் பெருக்கினால் 16. இப்படியே தொடர்ந்தால் 256, 65,536, அடுத்து 4,294,967,296 என்று வரும். இவை ஒவ்வொன்றோடும் 1ஐக் கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65,537 ஆகியவை கிடைக்கும். இந்த ஐந்தும் பகா எண்கள். அதாவது, ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதவை.

பிரான்சு நாட்டில் பியர் டி பெர்மா என்றொருவர் இருந்தார். தொழிலால் அவர் சட்ட வல்லுநர். கணிதம் அவருக்கு ஓய்வு நேரப் பணி. இந்த வரிசையில் வரும் எல்லா எண்களுமே பகா எண்கள்தாம் என்று 1640ஆம் ஆண்டில் அவர் கடிதத்தில் எழுதினார். முழு நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். ஆனாலும் அவருடைய புகழ் பெரிது. ஆறாவது எண்ணோ நானூற்று இருபத்தொன்பது கோடியைத் தாண்டியது. தொண்ணூறு ஆண்டுகள் அக்கூற்று அசையாமல் நின்றது.

1729இல் கோல்ட்பாக் என்ற அறிஞர், "பெர்மா சொன்னது மெய்தானா?" என்று லியோன்ஹார்டு ஆய்லரைக் கேட்டெழுதினார். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஆய்லர் அப்போது ரஷ்யாவில் பணியாற்றிய இளைஞர். 1732இல் அவர் விடை கண்டார். 4,294,967,297 என்னும் எண் 641ஆல் மீதியின்றி வகுபடுகிறது! ஈவு 6,700,417. பெர்மாவின் கூற்று அத்துடன் வீழ்ந்தது.

641ஐ எப்படிப் பிடிப்பது? பகா எண்களை 2, 3, 5 என்று வரிசையாக வகுத்துப் பார்த்தால், 641 நூற்றுப் பதினாறாவதாக வரும். ஆய்லர் பின்னர் ஒரு விதியை நிறுவினார். இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகவே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை! சிந்தனை உழைப்பை எவ்வளவு குறைக்கிறது, பாருங்கள்.

பெர்மாவின் வரிசை வீணாகிவிடவில்லை. 1796இல், பதினெட்டு வயதுக் காவுஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு பதினேழு சமபக்க உருவத்தை வரைய முடியும் என்று காட்டினார். அந்த 17 இவ்வரிசையின் மூன்றாம் எண். முதல் ஐந்தைத் தவிர வேறொரு பகா எண் இந்த வரிசையில் இன்றுவரை அகப்படவில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை 6,700,417ஐ 641ஆல் பெருக்கிப் பார்க்கட்டும். கூட்டலும் பெருக்கலும் அறிந்த எவரும் இதைச் சரிபார்க்கலாம். சொன்னவர் எவ்வளவு பெரியவரானாலும், கணக்கைப் போட்டுப் பார்த்தபின் ஏற்றுக்கொள்வதே அறிவு. சம்பளச் சீட்டு கைக்கு வரும்போதும் இப்பழக்கம் நமக்கு உதவும்.